எங்கள் வீட்டுத் தலைவலி

என் அண்ணிக்குத் தலைவலி வந்ததே இல்லை. நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் நின்றாலும் தலை கனக்காத பிறவி அவள். ஆனால் எங்கள் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும், பாவம், அவளுக்குத் தலைவலி என்றுதான் சொல்வார்கள். விசேஷ வீட்டுக்கு வரவில்லையா, தலைவலி. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கிறதா, தலைவலி. போனில் பேசும்போது நாக்கு குழறுகிறதா, தலைவலிக்கு மாத்திரை போட்டிருக்கிறாள். இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் என் அண்ணன். அதற்காகவே அவனை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் என்று எனக்குப் பல வருஷமாக ஆசை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். இடது பக்க இருக்கையில் உட்கார்ந்திருப்பேன், என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கத்துவது என் தொழிலில் பாதி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று வீட்டில் குறை சொல்வார்கள். வரட்டும். அந்த வீட்டில் யாராவது ஒருத்தருக்காவது வரத்தானே வேண்டும்.

அண்ணி ஒரு சட்டைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நீள மேசையில் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே சட்டை அளவுக்கு வெட்டிய அட்டையை வைத்து சாக்பீஸால் கோடு போட்டு, நின்றவாக்கில் ஓடும் மின்சாரக் கத்தியைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கோடு ஒரு நூல் தப்பினால் அடுக்கில் இருக்கிற அத்தனை சட்டைக்கும் தோள் கோணிப்போகும். அந்த வேலையில் அவளைத் தவிர எல்லாரும் ஆண்கள். அதனால் அவளையும் வெறுமனே மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் பெருமை உண்டு. இடது கையில் இரும்பு வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு அவள் கத்தியைத் தள்ளுவதைப் பார்த்தால் எனக்கே கை தட்டத் தோன்றும்.

குவார்ட்டர் பாட்டிலை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போடுவதற்கும் கட்டிங் என்றுதான் பெயர். கம்பெனியில் அதை வைத்து ஆண்களுக்குள் தினமும் ஒரு ஜோக் ஓடும். மாஸ்டர், சாயங்காலம் எங்களுக்கும் ஒரு கட்டிங் போட்டுக் கொடுங்க என்பார்கள். அவளும் சிரிப்பாள். அவள் யாரோடும் பங்கு போடாமல் முழுசாகக் குடிக்கிறவள் என்று அந்தப் புத்திசாலிகளில் ஒருத்தனுக்கும் தெரியாது.

வீட்டில் அவள் ஒளித்து வைத்த இடத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. இஸ்திரி போடும்போது துணியில் தண்ணீர் பீய்ச்சுவோமே, அந்த பிளாஸ்டிக் பாட்டில். தண்ணீர் மாதிரியே நிறமில்லாத சரக்கை வாங்கி அதில் ஊற்றி, இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருந்தாள். அந்த வீட்டில் இஸ்திரி போடுவது அவள் மட்டும்தான். துணியே தொழிலாக இருப்பவள், வேறு யாரையும் துணியைத் தொடவே விட மாட்டாள். இஸ்திரி போட்டு முடித்ததும் தலைவலி வந்துவிடும்.

ஒரு நாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடம் போக நேரமாகிவிட்டது. ஒன்பதாவது படிக்கிறாள், சின்ன வயதில் நாலு பக்கமும் ஊர்ந்து ஓடியதால் நாங்கள் நண்டு என்று கூப்பிடுவோம். நண்டு தானே யூனிபார்மை விரித்து, அந்த பாட்டிலால் நன்றாகப் பீய்ச்சி, தேய்த்து, போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குச் சளி, மூக்கு அடைத்திருந்தது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள். டீச்சர் கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் கேட்டாராம், உங்க அப்பா குடிப்பாரா என்று.

பள்ளியில் இருந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். என் அண்ணன் வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்தவனில்லை. இருமல் மருந்தையே இரண்டு தரம் யோசித்துக் குடிப்பவன். அவன் போய், டீச்சர் முன்னால் கையைக் கட்டி நின்று, என் தப்புதான் டீச்சர், இனிமே குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். பக்கத்தில் நின்ற மகளிடம், ஆமாம்தானே என்று டீச்சர் கேட்க, அவளையும் தலையாட்ட வைத்திருக்கிறான். டீச்சருக்கு மனசு இளகிவிட்டது. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்று இருக்கிறது, டயர் கடைக்கு மேலே மாடியில், ஞாயிறு சாயங்காலம், வெட்கப்படாமல் போங்க சார் என்று இடம் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலமே நண்டு புத்தகப் பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அழவில்லை. செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்.

"அத்தை, அம்மா குடிக்கிறது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். ஆனா என்னையும் பொய்க்குத் தலையாட்ட வச்சுட்டாங்க. யாராவது ஒருத்தர் டீச்சர்கிட்ட போய் உண்மையைச் சொல்லட்டும். அப்பதான் நான் அந்த வீட்டுக்குப் போவேன்."

நான் நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அண்ணன் வழக்கம்போலப் பூசி மெழுகினான். இவளுக்கு ஒரு அவமானம் வரக்கூடாதே என்றுதான் என்றான். ஊர் ஆம்பளையை ஒன்றும் சொல்லாது, பொம்பளையை விட்டுவைக்காது என்றான். கேட்கும்போது நியாயம் மாதிரியே இருக்கும், அதுதான் இவனிடம் பிடிக்காது. இந்தத் தியாகத்துக்குச் சிலை வைக்கலாமா என்று கேட்டேன். அப்போதுதான் அண்ணி படுக்கையறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். மகள் போய்விட்டது தெரிந்து முகம் வீங்கியிருந்தது. டீச்சர் சொன்ன அந்த மாடி எங்க இருக்கு என்று கேட்டாள். அண்ணன், அதெல்லாம் உனக்கெதுக்கு, நீ போய்ப் படு, தலைவலி என்று ஆரம்பித்தான். நான் முறைத்த முறைப்பில் பாதியில் விழுங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை என் காரில் அவளை ஏற்றிக்கொண்டேன். கூரையில் பயிற்சிப் பலகை வைத்த கார், போகிற வழியெல்லாம் ஹார்ன் அடித்துத் தாண்டிப் போவார்கள். அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"காலையில கொஞ்சம் குடிச்சேன். இல்லன்னா கை நிக்காது. உன்கிட்ட மறைக்கல," என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "ஒரே தடவைதான் வருவேன். சரிப்படலைன்னா அப்புறம் கூப்பிடாதே," என்றாள்.

அந்த ஒரே தடவை வீணாகிவிடக்கூடாதே என்ற அவசரம் எனக்கு. ஒரு இடத்தில் சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டப் பார்த்தேன்.

டயர் கடையைக் கண்டுபிடித்தோம், மாடிக்குப் படி எங்கே என்று தெரியவில்லை. போர்டு எதுவும் கிடையாது. கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டோம். குடிகாரங்க கூட்டமா, பின்னாடி போங்கம்மா, அந்த இரும்புப் படி என்றார். பிறகு எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார். வீட்டுக்காரங்களை அழைச்சுட்டு வரலையா, அவங்க வராம நீங்க வந்து என்ன பிரயோஜனம் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

படி முடிகிற இடத்தில் ஒரு சின்ன மேசை, அதன் மேல் டீ பாய்லர், பேப்பர் கப். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் நின்றிருந்தார். வலது பக்கம் பெரிய அறை, நிறைய பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாம் ஆண்கள். இடது பக்கம் சின்ன அறை. கண்ணாடிக்காரர் எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, வாங்கம்மா, நல்ல காரியம் பண்ணீங்க, குடும்பத்தாருக்கு இந்தப் பக்கம் என்று இடது பக்கம் கையைக் காட்டினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பெண்கள் வந்தால் இரண்டு மனைவிகள், அவ்வளவுதான் அவர் கணக்கு. கையில் டீயையும் கொடுத்துவிட்டார். டீயை வாங்கிக்கொண்டு சண்டை போடுவது எப்படி என்று நான் யோசிப்பதற்குள் அண்ணி இடது பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நர்ஸ், ஒரு பாத்திரக் கடைக்காரம்மா, வங்கியில் வேலை பார்க்கும் ஒருத்தி, மற்றவர்கள் யார் என்று தெரியவில்லை. ஒவ்வொருத்தியாகப் பேசினார்கள். அந்த அறையில் இருந்த கோபத்தை நெருப்பாக மாற்ற முடிந்தால் கீழே இருக்கிற டயர் எல்லாம் எரிந்திருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன்.

நர்ஸ், தன் வீட்டில் அதற்கு டபுள் டியூட்டி என்று பெயர் என்றாள். அப்பா எங்கே என்று பிள்ளைகள் கேட்டால் டபுள் டியூட்டி. பாத்திரக் கடைக்காரம்மா வீட்டில் சரக்கு எடுக்கப் போயிருக்கார் என்று சொல்வார்களாம். பாதி உண்மைதானே என்று அந்தம்மாவே சொல்லி, எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு செல்லப் பெயர் இருந்தது. அண்ணி பேப்பர் கப்பின் விளிம்பைக் கிழித்துக்கொண்டே கேட்டாள். அவள் முறை வந்தது.

"எங்க வீட்ல அதுக்குப் பேரு தலைவலி," என்றாள்.

எல்லாரும் தலையாட்டினார்கள். எத்தனை வருஷமா குடிக்கிறாரும்மா என்று கடைக்காரம்மா கேட்டாள், கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

"அவர் குடிக்க மாட்டார். நான்தான் குடிக்கிறேன்."

கடைக்காரம்மா பிடித்த கையை விட்டாள். மெதுவாகத்தான் விட்டாள், ஆனால் விட்டாள். வங்கிக்காரி தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கடைக்காரம்மா தாழ்ந்த குரலில், பிள்ளை இருக்கா என்று கேட்டாள். கேட்ட விதத்திலேயே தீர்ப்பும் இருந்தது.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற ஆம்பளைங்களுக்கெல்லாம் பிள்ளை இல்லையா? அவங்ககிட்ட யாராவது இதைக் கேட்டீங்களா? டீ போட்டுக் குடுத்து வாங்க வாங்கன்னுதானே கூப்பிடுறீங்க?" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. கடைக்காரம்மாவின் முகம் சுருங்கியது. அவளும் வீட்டில் அடிபட்டு வந்தவள்தான், எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் நான் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை.

அண்ணி என்னை அதட்டவில்லை. எழுந்தாள். கிழித்த கப்பைக் குப்பையில் போட்டுவிட்டு வலது பக்கம் நடந்தாள். கண்ணாடிக்காரர் பதறிப்போய்க் குறுக்கே வந்தார். அது அவங்களுக்கான கூட்டம்மா, இங்க இதுவரைக்கும் லேடீஸ் யாரும் வந்ததில்லை என்றார். இப்ப வந்திருக்கேன் என்றாள் அண்ணி. அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் என்ன நடுக்கம் என்று அவருக்குத் தெரியாதா என்ன. வழியை விட்டார். முன்வரிசையில் ஒரு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். என்னை வாசலில் நிறுத்திவிட்டார், அதுவும் நியாயம்தான்.

அங்கே ஒரு முறை இருந்தது. எழுந்து நின்று, செய்யும் தொழிலைச் சொல்லி, நான் ஒரு குடிகாரன் என்று சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்க வேண்டும். நான் ஒரு கொத்தனார், நான் ஒரு குடிகாரன். நான் ஒரு கணக்கு வாத்தியார், நான் ஒரு குடிகாரன். எல்லாரும் சேர்ந்து வணக்கம் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அந்த வாக்கியம் காதில் ஒட்டிக்கொண்டது. அண்ணி எழுந்தாள்.

"நான் கட்டிங் மாஸ்டர். நான் ஒரு குடிகாரன்."

பின் வரிசையில் யாரோ குபீரென்று சிரித்தான். கட்டிங் மாஸ்டராம், குடிகாரனாம், அவன்மேலும் பெரிய தப்பில்லை. கொத்தனார் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தார். அண்ணி அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். அவள் கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. கோபம் வரும் நேரத்தில் எல்லாம் அவளுக்குத்தான் தலைவலி வந்துவிடுமே.

"சிரிக்காதீங்க. எனக்கு அந்த வார்த்தை பழக்கமில்ல. உங்க எல்லாருக்கும் ஊரே கூப்பிட்டுப் பேர் வச்சிருச்சு. எனக்கு வீட்ல வச்ச பேரு தலைவலி. என் பொண்ணு சட்டையில என் சரக்கு வாடை அடிச்சுது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்குப் போய், நான்தான் குடிச்சேன்னு தலைகுனிஞ்சு நின்னுட்டு வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனா எனக்கு அவர்மேல கோவம் கோவமா வருது. நான் பண்ணின தப்பைக்கூட எனக்குன்னு விட்டுவைக்கல. அதையும் எடுத்து அவர் போட்டுக்கிட்டார். அப்புறம் நான் எதை விடுறது?"

மூச்சு வாங்கினாள். பிறகு, மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிற மாதிரி உதட்டை அசைத்துவிட்டுச் சொன்னாள்.

"குடிகாரி. நான் ஒரு குடிகாரி."

வணக்கம் மாஸ்டர் என்றார்கள் எல்லாரும். சிரித்தவனும் சொன்னான்.

கூட்டம் முடிந்து இறங்கி வந்தால், டயர் கடை வாசலில் என் அண்ணன் நிற்கிறான். கையில் குடை. மழை வரும் போல இருந்தது, அதனால் வந்தானாம். டயர் கடைக்காரர் அவன் தோளில் கைபோட்டு, கூச்சப்படாதீங்க சார், முதல் நாள் அப்படித்தான் இருக்கும், மேல போங்க, நல்லவங்கதான் என்று தேற்றிக்கொண்டிருக்கிறார். இவன் சரிங்க சரிங்க என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்தக் குடையைப் பிடுங்கி அவனை நாலு போடலாம் போலவும் இருந்தது.

"அவர் இல்லைங்க, நான்தான்," என்றாள் அண்ணி, கடைக்காரரிடம். கடைக்காரர் தோளில் இருந்த கையை எடுத்துவிட்டார். அவள் அண்ணனைப் பார்த்து, "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நான் போறேன். நீங்க வரக்கூடாது," என்றாள். அவன் குடையை மட்டும் அவளிடம் நீட்டினான்.

திங்கட்கிழமை நான்தான் ஓட்டிப் போனேன். நண்டு பின் இருக்கையில் வந்தாள். டீச்சர் நல்ல மாதிரிதான். அண்ணியைப் பார்த்ததும் எழுந்து, உட்காருங்க என்றார். உங்க வீட்டுக்காரர் கூட்டத்துக்குப் போனாரா, நீங்கதான் பக்கபலமா இருக்கணும், உங்க பொறுமைதான் அவரைக் காப்பாத்தும் என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் வெளியே ஜன்னல் ஓரம் நின்று பல்லைக் கடித்தேன். என் காலடியில் அந்த இரண்டாவது பிரேக் இருந்திருந்தால் மிதித்திருப்பேன்.

"அவர் குடிக்க மாட்டார் டீச்சர். அன்னிக்கு அவர் சொன்னது பொய். இவ தலையாட்டினதும் அவர் சொல்லித்தான். குடிகாரி நான். கூட்டத்துக்குப் போனதும் நான்," என்றாள் அண்ணி. ஒரு வார்த்தை தப்பவில்லை.

டீச்சர், அம்மா பக்கத்தில் நின்ற நண்டைப் பார்த்தார். ஆமாம் டீச்சர் என்றாள் நண்டு. இந்தத் தடவை அவளை யாரும் தலையாட்டச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. அண்ணி அந்த மாடிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். நடுவில் ஒரு தரம் குடித்தாள், குடித்தேன் என்று அந்த வார்த்தையாலேயே சொன்னாள். கம்பெனியிலும் சொல்லிவிட்டாள். கட்டிங் ஜோக்கை ஒருத்தரும் இப்போது சொல்வதில்லை, அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

போன வாரம் காலையில் ஒரு வேலையாக அங்கே போயிருந்தேன். இப்போது நண்டுதான் தன் யூனிபார்முக்குத் தானே இஸ்திரி போடுகிறாள். சட்டையை விரித்தாள். பாட்டிலைக் கையில் எடுத்தாள். பீய்ச்சுவதற்கு முன்னால், மூடியைத் திருகித் திறந்து, மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்தாள்.

அண்ணி பார்த்துவிட்டாள். அடுப்படி வாசலில் அப்படியே நின்றாள். அண்ணனும் பார்த்துவிட்டான். உடனே எழுந்து வந்து, அப்படியெல்லாம் பண்ணாதேம்மா, அம்மா மனசு என்ன பாடுபடும் என்று ஆரம்பித்தான். நண்டு பாட்டிலைக் கீழே வைக்கப் போனாள்.

"நீங்க வாயை மூடுங்க," என்றாள் அண்ணி அவனிடம். பிறகு மகளைப் பார்த்து, "மோந்து பாரு. தினமும் மோந்து பார்த்துட்டுத்தான் பீய்ச்சணும்," என்றாள்.